மேற்குச் சுவருக்கு நாற்பது குறோட்டன்

எனக்குப் புஸ்பம் என்று பெயர் வைத்த என் அப்பா, வாழ்நாளில் ஒரு பூமரம் நட்டது கிடையாது. கேட்டால், "பூவெண்டுறது ஒரு நாள் கூத்து. இலைதான் புள்ள நிண்டு புடிக்கும்" என்பார். பெயர் வைத்த அன்று இந்த ஞானம் எங்கே போயிருந்தது என்று நான் கேட்டதில்லை. கேட்டால் அதற்கும் ஒரு படம் கீறிக் காட்டுவார்.

அப்பா அருமைநாயகம் முப்பத்திரண்டு வருடம் அரசாங்கக் கந்தோரில் படம் கீறியவர். வாய்க்கால், மதகு, அணைக்கட்டு எல்லாம் அவர் கீறிக் கொடுத்த கடதாசியிலிருந்துதான் எழும்பின. ஓய்வு பெற்ற பிறகு கீறுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அம்மா குசினியில் விறகு அடுக்குவதற்கு அளவுத்திட்டத்தோடு ஒரு படம் கீறிச் சுவரில் ஒட்டினார். அம்மா அதைக் கிழித்து அடுப்பு மூட்டினார்.

அப்படிப்பட்ட மனிதர் தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஆடி மாதம் எங்கள் வீட்டு வளவுக்கு ஓர் இலைத் தோட்டம் வடிவமைத்தார். ஆசைக்கு அல்ல. எங்கள் வீட்டுக்கு மேற்குச் சுவர் இல்லை. அது இல்லையென்று தெரிந்தால் எனக்குக் கலியாணம் இல்லை.

எங்கள் பக்கத்தில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். வீடு பெண்ணுக்கு. ஆகவே பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பது அரைக் கோப்பை தேநீர் குடிக்கிற நேரம் மட்டும். மிச்ச நேரமெல்லாம் வீட்டைத்தான் பார்ப்பார்கள். கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள், கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள், கதவைத் திறந்து திறந்து சாத்துவார்கள். அந்தக் கதவுக்குக் கிடைக்கிற மரியாதை எனக்குக் கிடைத்திருந்தால் நான் எப்போதோ மூன்று பிள்ளை பெற்றிருப்பேன்.

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயர் நல்லரத்தினம். ஆரையம்பதிக்காரர். நான் தமிழ் படிப்பிக்கிற கொக்கட்டிச்சோலைப் பாடசாலையில் அவர் கணக்கு படிப்பித்தார். தினமும் காலையில் மண்முனைத் துறையில் பாதை ஏறி வாவியைக் கடந்து வருவார். பாதை என்பது மனிதரையும் சைக்கிளையும் மாட்டையும் ஏற்றிக்கொண்டு கயிற்றைப் பிடித்து நகர்கிற மிதவைதான். கணக்கு வாத்தியார் என்பதால் பேச்சு குறைவு. நாங்கள் இரண்டு பேரும் கலியாணம் செய்ய முடிவெடுத்துவிட்டோம் என்பதை அவருக்கும் நான்தான் அறிவித்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரிதான்" என்றார். விடை சரியென்று கொப்பியில் அடையாளம் போடுகிற அதே குரல்.

அவருக்குத் தகப்பன் இல்லை. வளர்த்தது தாய்மாமன் அழகரத்தினம். ஓய்வு பெற்ற ஓவசியர். கட்டடங்களை மேற்பார்வை செய்தே தலை நரைத்தவர். அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் குடைப்பிடியால் சுவரைத் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டு, சீமெந்தும் மணலும் எத்தனைக்கு எத்தனை என்று சொல்லிவிடுவார். நல்லரத்தினத்துக்கு முன்பு பேசிய இரண்டு இடம் அப்படித்தான் தட்டுப்பட்டுப் போயின. ஒரு வீட்டுச் சுவர் ஒன்றுக்கு எட்டு என்று சொல்லிற்றாம். மற்றதில் சீமெந்தே இல்லை, வெறும் சுண்ணாம்பாம்.

"மாமா தட்டாம விடமாட்டார்," என்றார் நல்லரத்தினம், பாடசாலை மாமரத்தடியில்.

"எல்லாச் சுவரையுமா?"

"நாலையும்."

எங்களுக்கு மூன்றுதான் இருந்தது. நான்காவதைத் தொண்ணூற்றொன்றில் ஒரு ஷெல் கொண்டுபோனது. அன்று நாங்கள் வயல் வட்டையில் நெல் அருவி வெட்டுக்குப் போயிருந்தோம். வந்து பார்த்தால் வீடு மூன்று பக்கமும் ஒழுங்காக நிற்கிறது, மேற்குப் பக்கம் மட்டும் உள்ளிருக்கிற கட்டில், பாய், அம்மாவின் சட்டை காய்கிற கொடி எல்லாம் தெருவுக்குத் தெரிகிறது. "நல்ல காத்தோட்டம்" என்றார் அப்பா. அன்று அம்மா அவருக்குச் சோறு போடவில்லை.

திரும்பக் கட்டுவதற்குச் சீமெந்து வேண்டும். வாவிக்கு மேற்கே இருக்கிற எங்கள் படுவான்கரைக்குச் சீமெந்து கொண்டுவர இராணுவத் தடை. அனுமதிக்கு எழுதினோம். ஒன்பது மாதத்தில் ஒரு மூட்டைக்கு அனுமதி வந்தது. அதைப் பாதையில் ஏற்றிய அன்று மாரி மழை. இக்கரைக்கு வந்து சேர்ந்தபோது அது மூட்டையின் வடிவத்திலேயே கல்லாகியிருந்தது. இன்றைக்கும் கிணற்றடியில் அதில்தான் துணி துவைக்கிறோம். பிறகு அப்பா எங்கேயோ பழைய தகரங்கள் தேடிப் பிடித்து மேற்கே அடித்து, மேலே வெள்ளை பூசினார். இருபது அடி தூரத்திலிருந்து பார்த்தால் சுவர். கிட்டப் போய்த் தட்டினால் டொம்.

அப்பா ஒரு நாள் முழுக்க அந்தத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருந்தார். பின்னேரம் எழும்பி வந்து, "ஓவசியர்ட கை எவ்வளவு நீளம்?" என்று கேட்டார்.

"என்னப்பா கேள்வி இது?"

"கேட்டுச் சொல்லு புள்ள. குடையின்ட நீளமும் வேணும்."

நான் கேட்டேன். நல்லரத்தினம் ஏன் என்றுகூடக் கேட்காமல், கொடியில் காய்ந்த மாமாவின் சட்டைக் கையை அடிமட்டத்தால் அளந்து, குடையையும் அளந்து, மறுநாள் துண்டில் எழுதிக் கொடுத்தார். கை இரண்டடி ஓரங்குலம், குடை மூன்றடி. குனிந்து எட்டினால் வரக்கூடிய மேலதிகத்தையும் தனியாகக் கீழே குறித்திருந்தார். இந்த மனிதரைத்தான் கட்டுவதென்று நான் அந்தத் துண்டைப் பார்த்தபோது இன்னொரு முறை முடிவெடுத்தேன்.

"ஆறடி," என்றார் அப்பா. "சுவரில இருந்து ஆறடிக்கு ஒரு மனிசனும் கிட்ட வரக்கூடாது. ஆறடி அகலத்துக்கு இலைப் பாத்தி. கண்ணும் அங்கால போகக்கூடாது. அவ்வளவு வடிவா இருக்கோணும்."

பன்னிரண்டு நிறப் பென்சில் பெட்டியோடு மூன்று நாள் குந்தினார். அந்தப் படத்தை இப்போதும் வைத்திருக்கிறேன். அழகென்றால் அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். பின் வரிசையில் தகரத்தை ஒட்டி, ஆள் உயரத்துக்கு மேலே, ஒல்லியான கருஞ்சிவப்பு இலைகள். நடு வரிசையில் அகலமான குறோட்டன்கள்: மஞ்சள் புள்ளி, சிவப்பு நரம்பு, சுருட்டை, நாடா. முன்னால் முழங்காலளவில், மாமர நிழல் விழுகிற இடத்தில், காகிதம் போல மெல்லிசான வெள்ளையும் சிவப்பும் கலந்த சேம்பிலைகள். விளிம்புக்குச் சிவப்புப் பொன்னாங்காணி, கத்தரித்து. எல்லாவற்றுக்கும் இலக்கம், எல்லாவற்றுக்கும் காரணம்.

"செவப்பு கிட்ட வரும், ஊதா தூரப் போகும்," என்று அம்மாவுக்கு விளக்கினார். "அதால மூலைக்கு ஊதா. சுவர் இன்னும் அங்கால கிடக்கிற மாதிரித் தெரியும். எதையும் ரெட்டையா நடப்படாது. மூண்டு, அஞ்சு, ஏழு. ஒரு அகலமான இலைக்குப் பக்கத்தில ஒரு ஒல்லி இலை. அப்பதான் ரெண்டும் எடுபடும்."

அம்மா சின்னத்தங்கம் நல்ல பாரமான உடம்புக்காரி. அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். "ஓம், முப்பது வருசமா எடுபட்டுத்தானே நிக்கிறம்," என்றார்.

இவ்வளவு இலைக்கு எங்கே போவது? எங்கள் ஊர் வேலிகளில் இருந்தது மாடு தின்னாதென்று நட்ட ஒரே சாதி மஞ்சள் குறோட்டன்தான். அப்பாவுக்குத் தெரிந்து இந்த மாவட்டத்திலேயே நிறம் நிறமாக இலை வளர்த்தவர் ஒருவர்தான்: காத்தான்குடி ஆசியா உம்மா. அவருடைய வீட்டுப் படம் அப்பா கீறியது. ஆனால் தொண்ணூறில் நடந்த தமிழ், முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு எங்கள் ஆட்களும் அவர்கள் ஆட்களும் ஒருவரையொருவர் பார்த்துக் கதவு சாத்திக்கொண்ட காலம். அப்பா எட்டு வருடமாக அந்தத் தெருவுக்குப் போகவில்லை. வெட்கமும் பயமும் சரிபாதி. சனிக்கிழமை என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்த வீட்டு வாசல் கடப்படியில் நின்று மூன்று தரம் செருமினார்.

ஆசியா உம்மா வெளியே வந்து பார்த்தார். "அல்லாஹ்வே, நாயகண்ணன்! நீங்க கீறின குசினியில புகை போகுதில்ல எண்டு எட்டு வருசமாச் சொல்லக் காத்துக்கிட்டிருக்கன். எங்க போனீங்க?"

அப்பா நான்காவது தரம் செருமினார். நான்தான் விசயத்தைச் சொன்னேன், தகரம் உட்பட. ஆசியா உம்மா சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிறகு வளவைச் சுற்றிக் காட்டி, ஒவ்வொன்றாகத் தொட்டு, நாற்பது பூச்சாடிகளை ஒதுக்கி வைத்தார். கலியாணம் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

"ஒண்டு மட்டும் கேட்டுக்கங்க," என்றார். "இதுகள் ரோசக்காரப் புள்ளையள். வேரை ஆட்டினா நாலு நாளையில எல்லா இலையையும் உதுத்திப்போட்டு மொட்டையா நிக்கும். சாடியோட கொண்டு போய், சாடியோட புதைச்சு வைங்க. வேரை மட்டும் அசைச்சிராதீங்க."

அப்பா தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். இரண்டு கைவண்டிலில் நாற்பதையும் ஏற்றி, குழந்தைகளைத் தள்ளுவது போல மெதுவாக மண்முனைத் துறைவரை தள்ளினோம். அங்கேதான் இராணுவச் சோதனைச்சாவடி.

அக்கரைக்குக் கொண்டுபோகக்கூடாத பொருட்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. பற்றரி, சீமெந்து, இரும்புக் கம்பி என்று நீண்டு போகும். பொறுப்பாக நின்றவன் அதை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே இரண்டு முறை வாசித்தான். இலை இல்லை. ஆனால் நாற்பது சாடி மண்ணை ஆணும் பெண்ணுமாக இரண்டு பேர் வேர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டு போவதையும் அவன் கண்டதில்லை.

அப்பா தனக்குத் தெரிந்த சிங்களத்தில், "ஐயா, இது இலை" என்றார்.

"இலை எண்டு தெரியுது. கீழ என்ன?" என்றான் அவன் தனக்குத் தெரிந்த தமிழில்.

"கீழ வேர்."

"வேருக்குக் கீழ?"

நாற்பது சாடியையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார்கள். ஒவ்வொரு செடியையும் தலைமுடியைப் பிடிப்பது போலப் பிடித்து உதறினார்கள். மண் ஒரு பக்கம், வேர் ஒரு பக்கம், சாடி ஒரு பக்கம். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் போகலாம் என்றார்கள். அப்பா மணலில் முழங்கால் குத்தி, ஒவ்வொன்றையும் கையில் ஏந்தித் திரும்ப நட்டார். ஒரு இளம் சிப்பாய் துப்பாக்கியை முதுகுக்குத் தள்ளிவிட்டு வந்து குந்தி, கூடவே மண்ணள்ளிப் போட்டான். தங்கள் வீட்டில் அரிசி கழுவின தண்ணீர் ஊற்றுவார்கள் என்று கையால் நடித்துக் காட்டினான். அன்று எனக்கு வந்த கோபத்துக்கு யாரைத் திட்டுவதென்றே தெரியாமல் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை படத்தில் உள்ளபடியே எல்லாவற்றையும் பாத்தியில் புதைத்தோம். திங்கட்கிழமை எங்கள் வளவு ஒரு கல்யாணப் பந்தல். ஊர் திரண்டு வந்து பார்த்தது. தகரம் என்று ஒன்று அங்கே இருப்பதே எனக்கு மறந்துபோயிற்று. அப்பா கடப்படியில் நின்று, வருகிறவர்களைச் சரியான கோணத்தில் நிறுத்திக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கச்சான் காற்று கிளம்பியது. ஆடியில் மேற்கிலிருந்து வருகிற அந்த அனல் காற்றுக்கு மனிதரே வாடிப்போவார்கள். முதலாவது இலை விழுந்தபோது அப்பா, "பழுத்த இலை" என்றார். பத்தாவது விழுந்தபோது குனிந்து பொறுக்கத் தொடங்கினார். புதன்கிழமை விடிந்தபோது பாத்தியில் நாற்பது தடி நின்றது. நிலமெல்லாம் நிறம். பின்னால் வெள்ளைத் தகரம் பல்லை இளித்துக்கொண்டிருந்தது.

புதன்கிழமை பத்து மணிக்குத்தான் அவர்கள் வருவதாக இருந்தது.

அப்பா படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிலத்திலேயே இருந்துவிட்டார். நான் குசினிக்குள் போய் அழுதேன். ஒளிக்க என்ன இருக்கிறது, நன்றாகச் சத்தம் போட்டே அழுதேன். எனக்கு இருபத்தெட்டு வயது. எனக்கு அந்த மனிதர்தான் வேண்டும், நான்கு சுவர் உள்ள வேறு பெண்ணுக்கு அவரைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

அம்மா மட்டும் அழவில்லை. கொல்லைப்பக்கம் போய் ஒரு வாழைத்தண்டை வெட்டி, நார் நாராகக் கிழித்து, தண்ணீர் வாளிக்குள் போட்டுக்கொண்டு வந்தார். "எழும்புங்க ரெண்டு பேரும்," என்றார். "கண்ணகை அம்மன் சடங்குக்கு வருசா வருசம் வேப்பிலை கட்டுறவள் நான். இந்த நாப்பது தடிக்கு இலை கட்டத் தெரியாதா?"

கீழே கிடந்த இலையெல்லாம் பொறுக்கினோம். வாடாததை வைத்துக்கொண்டோம். போதாததற்கு அயலவர் வேலிகளை மொட்டையடித்தோம். அம்மா ஒரு தடிக்கு, நான் ஒரு தடிக்கு. காம்பைத் தடியில் சேர்த்துப் பிடித்து, நாரை இரண்டு சுற்று, ஒரு முடிச்சு. அப்பா படத்தோடு பின்னால் நின்று உயிரை எடுத்தார்.

"சின்னத்தங்கம், அது பதினோராம் இலக்கம்! சுருட்டை வரோணும்!"

"சுருட்டை முடிஞ்சி. நாடாதான் கிடக்கு."

"நாடாவுக்குப் பக்கத்தில நாடாவா? ஒல்லிக்குப் பக்கத்தில ஒல்லி வந்தா எடுபடாது!"

"நீங்க சும்மா இருந்தா நான் எடுபடுவன்," என்றார் அம்மா.

கடைசியாக நின்றது ஏழாம் இலக்கத் தடி. பாத்தியின் நடுவில், எல்லோர் கண்ணும் விழுகிற இடம். அதற்கு வரும்போது அம்மாவுக்கு விரல் மரத்துப்போயிருந்தது. கைக்கு வந்ததையெல்லாம் கட்டினார். மஞ்சள் புள்ளி ஒன்று, சிவப்பு நரம்பு ஒன்று, நாடா, சுருட்டை, ஒரு மாந்தளிர்க் கொத்து. உச்சியில் ஒரு இடைவெளி தெரிந்தது. விருந்தாளிகளுக்கு வைத்த தட்டத்திலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து அதிலே கட்டிவிட்டு, "அவ்வளவுதான் என்னால ஏலும்" என்று போய்க் கைகழுவினார். மணி ஒன்பதே முக்கால். எட்டி நின்று பார்த்தால் திங்கட்கிழமைத் தோட்டம் அப்படியே நின்றது.

அப்பாவின் கணக்குப்படி வெயில் ஏறியபின் நார் காய்ந்து நெகிழ ஒன்றரை மணித்தியாலம் செல்லும். அவர்கள் பத்துக்கு வந்தால் தப்பலாம். அவர்கள் வந்தது பதினொன்றரைக்கு. துறையில் சோதனை.

முதலில் மாப்பிள்ளையின் தாய் கண்ணகை உள்ளே வந்தார். குடை, விசிறி, தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றோடும் வந்து கதிரையில் பொத்தென்று இருந்தார். பின்னால் நல்லரத்தினம். அதற்குப் பின்னால் ஓவசியர் அழகரத்தினம். எலும்பும் தோலுமான நெட்டை மனிதர். என்னை ஒரு பார்வை பார்த்தார். "டீச்சர்தானே? சரி," என்றார். நேரே வெளியே போய் வடக்குச் சுவரைத் தட்டினார்.

"ஒண்டுக்கு ஆறு."

கிழக்குச் சுவர். "ஒண்டுக்கு ஆறு. குத்தமில்ல."

தெற்குச் சுவர். காதை ஒட்டி வைத்து இரண்டாம் முறையும் தட்டினார். "ஒண்டுக்கு அஞ்சு! ஆரு மேசன்?" எங்களுக்கே அது புதினமாக இருந்தது.

பிறகு மேற்குப் பக்கம் திரும்பினார். ஓவசியர் குடையை ஓங்கியபடி மூன்று அடி வைத்தார். அப்படியே நின்றுவிட்டார். குடை மெல்லக் கீழே இறங்கியது.

"இதென்ன அருமைநாயகத்தார்," என்றார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "நான் நுவரெலியாத் தோட்டத்தையும் பாத்தவன். இப்பிடி ஒண்டு காணல்ல."

அப்பா கோணத்தைத் திருத்தி அவரை இரண்டடி இடப்பக்கம் நகர்த்தினார். ஓவசியர் பாத்தியின் நீளத்துக்கு நடந்தார், திரும்பி நடந்தார். எந்த இடத்திலிருந்து கை நீட்டினாலும் சுவர் எட்டவில்லை. எட்ட வேண்டுமென்ற நினைப்பே அவருக்கு இல்லை. ஏழாம் இலக்கத்துக்கு முன்னால் வந்ததும் கைகட்டி நின்றார்.

"ஒரே மரத்தில அஞ்சு சாதி இலை! இது எந்தத் தேசத்து இனம்?"

அப்பா தடியைப் பார்க்காமலே சொன்னார். "அது... கலப்பினம்."

அந்த நேரம் பார்த்துக் கச்சான் அடித்தது. நான் பயந்துபோனேன். இலைக்காக அல்ல. காற்று வந்தால் அந்தத் தகரம் எப்படிச் சத்தம் போடும் என்று எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். இலைகள் சலசலத்தன, இரண்டு மூன்று உதிர்ந்தன, தகரம் மூச்சு விடவில்லை. எனக்கு விளங்கவில்லை. அப்போதுதான் கவனித்தேன், நல்லரத்தினத்தைக் காணவில்லை.

உள்ளே போய் மேற்கு அறைக் கதவைத் திறந்தேன். தகரங்களுக்கிடையில் கையகல நீக்கல். அதனூடாக ஒரு நீலச் சட்டை முதுகு தெரிந்தது. மனிதர் செடிகளுக்குப் பின்னால், தகரத்தில் சாய்ந்து, இரண்டு கையையும் விரித்து நின்றார். வாயில் மூன்று நார். காலடியில் விழுந்த இலைகளை ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார்.

"சேர், இஞ்ச என்ன செய்றீங்க?" என்றேன் மெதுவாக.

அவர் நாரைக் கையில் எடுத்தார். "வந்து பாத்தன். ஆணி எட்டுக் கழண்டு கிடக்கு. காத்து வந்தா சத்தம் போடும்."

"எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

"மாமா போகும்வரைக்கும்."

பக்கத்துத் தடியில் அவர் கட்டிவிட்ட இலை ஒன்று தலைகீழாகத் தொங்கியது. நான் தகரத்தில் உள்ளங்கையை வைத்தேன். அப்பம் சுடுகிற தாச்சி மாதிரிக் கொதித்தது. அதில்தான் அந்த மனிதர் முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்தது. காலையில் வந்த அழுகை வேறு, இது வேறு. இந்த வீட்டில் எனக்குச் சுவரே வேண்டாம், இவர் மட்டும் போதும் என்று அப்போது நினைத்தேன். இன்றும் அதில் மாற்றமில்லை.

வெளியே ஓவசியரின் குரல் கேட்டது. "ஒரு கொப்பு தாங்க. ஒண்டே ஒண்டு. பேனாக்கத்தி கிடக்கு."

"இண்டைக்கு வெட்டப்படாது," என்றார் அப்பா. "புதன்கிழமை."

"புதனுக்கும் குறோட்டனுக்கும் என்ன?"

"நாளைக்கு நானே கொண்டு வந்து தாறன்."

"நாளைக்கு உயிரோட இருக்கிறம் எண்டு ஆருக்குத் தெரியும்? இந்தக் காலத்தில நாளைக்கு எண்டு ஒண்டு கிடக்கா?" நான் நீக்கலில் கண்ணை வைத்தேன். ஓவசியர் பொன்னாங்காணி விளிம்பைத் தாண்டிப் பாத்திக்குள் ஒரு காலை வைத்தார். சேம்பிலைக்குள் மற்றக் காலை வைத்தார். புதைத்து வைத்த சாடியில் தடுக்கி, முன்னால் சரிந்தார். விழாமல் இருக்கக் குடையை நீட்டினார்.

டொம்.

அதைத் தொடர்ந்து, "ஆ!" என்று ஒரு சத்தம். குடையின் கூர் தகரத்தைத் தட்டிய வேகத்தில் அப்படியே சறுக்கி நல்லரத்தினத்தின் விலாவில் குத்தியிருந்தது.

ஓவசியர் நிமிர்ந்தார். தலையில் இரண்டு இலை. கிட்டப் போய்ச் செடிகளை இரண்டு கையாலும் விலக்கினார்.

"மனே," என்றார். "நீ இஞ்ச என்ன செய்ற?"

"சுவர் புடிக்கிறன் மாமா," என்றார் நல்லரத்தினம்.

ஓவசியர் தகரத்தைப் பார்த்தார். மருமகனைப் பார்த்தார். குடைப்பிடியால் மெதுவாக, பழக்க தோசத்தில், தகரத்தை ஒரு தரம் தட்டினார். டொம். ஒன்றுக்கு எத்தனை என்று அவர் சொல்லவில்லை.

முதலில் வாயைத் திறந்தது கண்ணகை. விசிறியோடு எழும்பி வந்து எட்டிப் பார்த்தார். "அண்ணன்," என்றார். "வீடு குடிவரத் தோதா எண்டு பாக்கத்தானே வந்தம்? என்ட வீட்டில ஒரு ஆணி அடிக்கச் சொன்னா நாலு நாள் யோசிக்கிறவன், இஞ்ச வெயிலுக்குள்ள நிண்டு சுவர் புடிக்கிறான். இவன் குடிவந்திட்டான். இனி நம்ம என்னத்தப் பாக்கிற?"

எல்லோரும் ஓவசியரைப் பார்த்தோம். அவர் சொல்லுவதுதான் முடிவு. ஆனால் அவர் கண் ஏழாம் இலக்கத்தில் இருந்தது.

"சுவர் பொய்," என்றார் கடைசியாக. "சரி. யுத்த காலம், விளங்குது. மரமுமா?"

அப்பாவால் இதற்கு மேல் தாங்க முடியவில்லை. முன்னால் போய் ஒரு சிவப்பு இலையை இழுத்தார். நாரோடு கையில் வந்தது. "கட்டினது," என்றார்.

"எல்லாமா?"

"எல்லாம்."

"இந்த மஞ்சள் புள்ளியும்?"

"அது அயல் வேலி."

ஓவசியர் உச்சியில் இருந்த இலையை எட்டிப் பிடுங்கி முகர்ந்து பார்த்தார். பிறகு வந்து கதிரையில் இருந்தார். அவ்வளவு பெரிய மனிதர் அவ்வளவு சின்னதாகி நான் பார்த்ததில்லை. வெற்றிலையை வேட்டியில் துடைத்து, மடியிலிருந்து பாக்கு எடுத்து வைத்து, மடித்து வாயில் போட்டு மென்றார். நாங்கள் அவர் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஆரு கட்டினது?"

"நான்தான்," என்றார் அம்மா குசினி வாசலில் நின்று. "புள்ளயும்."

"எத்தின இலை?"

அம்மாவுக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. "ஆயிரத்து நூத்தி ஆறு," என்றார்.

"விடியவா தொடங்கினீங்க?"

"ஓம். வெள்ளாப்பில, கிழக்கு வெளுக்கக்குள்ள."

ஓவசியர் மென்றதை நிறுத்தினார். "எத்தினை வீடு தட்டியிருப்பன்," என்றார். "ஒண்டுக்கு நாலும் பாத்தன், ஒண்டுக்கு எட்டும் பாத்தன். நான் வாறன் எண்டு ஒரு வீட்டிலயும் ஒரு ஆள் ஒரு முற்றம் கூட்டினதில்ல. என்ட கலியாணத்துக்கே ஒருத்தரும் எனக்காக ஒரு இலை கட்டல்ல." வெற்றிலையைத் துப்பப் போகிறவர் போல முகத்தை அங்கால திருப்பினார். "ஆவணி பதினாலு நல்ல நாள். வையுங்க."

அம்மா அப்போதுதான் அழுதார். அப்பா ஓவசியரின் கையைப் பிடித்துக்கொண்டு, எந்தச் செடிக்குப் பக்கத்தில் எது நின்றிருக்க வேண்டும் என்று படத்தை விரித்துக் காட்டத் தொடங்கினார். ஓவசியரும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். சோறு ஆறிப்போகும் வரைக்கும் இரண்டு பேரும் ஊதாவைப் பற்றியே கதைத்தார்கள்.

வெளிக்கிடும்போது ஓவசியர் மொட்டைத் தடி ஒன்றைக் கேட்டு வாங்கிக் கடதாசியில் சுற்றிக்கொண்டார். கண்ணகை மகனைக் கூப்பிட்டார். நல்லரத்தினம் இன்னும் தகரத்திலேயே நின்றார். அசைந்தால் அது விழும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"அவன் கடைசிப் பாதையில வரட்டும்," என்றார் கண்ணகை. "ஆணி அடிச்சுப்போட்டு." கலியாணத்துக்கு முன்பு பெண் வீட்டில் மாப்பிள்ளை நிற்பதா என்று ஊர் கதைக்கும், கதைக்கட்டும் என்று அவர் விசிறியை மடக்கினார்.

அவர்கள் போனதும் நான் சுத்தியலைத் தேடி எடுத்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கினேன். காற்று இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. அவர் பிடித்தார், நான் அடித்தேன். எட்டே எட்டு ஆணி. அரை மணித்தியாலத்தில் முடிக்கக்கூடிய வேலை அது, அவர் கணக்கு வாத்தியார், அவருக்கும் அது நன்றாகத் தெரியும். கடைசிப் பாதைக்கு நேரமாகும்வரை நான் ஏழு ஆணிதான் அடித்திருந்தேன்.